அஜித்தா விட்ட இடைவெளி

ஆலங்குடாக் கோயிலில் மாதா மன்றாட்டை ஏழு வருடமாக அஜித்தாதான் சொல்லிவந்தாள். அவள் மாதாவின் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்துவாள். சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும்.

பகலில் ஹோட்டல் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டே ராப் பாட்டுக் கட்டுவாள். மூச்சுவிடாமல் கொட்டும் வேகப் பாணி அவளுக்கு ஆகாது. "அது வாய்க்கு வந்த வயித்தோட்டம்" என்பாள். தாளத்தோடு நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் காதில் விழப் பாடும் பழைய பாணிதான் அவளுக்கு ராப்.

2018இல் கடற்கரையில் நடந்த ராப் போட்டியில் அவளுக்கு எதிராளி சிலாபத்து டெல்றோய், வேகத்துக்குப் பேர்போனவன். ஒருவரை ஒருவர் பாட்டிலேயே மட்டந்தட்ட வேண்டும்.

"மூச்சு முட்டின மெசினே" என்று அஜித்தா அவனைப் பார்த்துச் சொல்லி நிறுத்தினாள்.

முன்வரிசையில் நின்ற ஊர்ப் பெண்கள், கோயில் பழக்கத்தில், ஒரே குரலில் சொன்னார்கள்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கடற்கரையே சிரித்தது. அஜித்தா சிரிக்கவில்லை. அடுத்த வரியைச் சொல்லி, அதே அளவு இடைவெளி விட்டாள். இம்முறை எல்லோரும் பதில் சொன்னார்கள்.

தன் முறை வந்ததும் டெல்றோய் வேகத்தைக் கைவிட்டான். ஒரு வரி சொல்லி நிறுத்திக் காத்திருந்தான். அலைச் சத்தம்தான் கேட்டது.

"ஏழு வருசம் கோயில்ல நிண்டு சொல்லு தம்பி" என்றாள் அஜித்தா. "பிறகு நிப்பாட்டிப் பார்."