கட்டுமாவடியில் என் வாய் மட்டும் அசைந்தது

அன்று காலை முதல் வேலையாக, எடுத்து வைத்திருந்த வெள்ளைப் புடவையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். படத்தில் வெள்ளை கூசும் என்று டைரக்டர் எழுதியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இது 1966 மாசியில். சுதந்திரம் வந்த புதிதில் சாதியையும் சடங்கையும் எதிர்த்து எழுதிய நாலு பேர் கட்டுமாவடிக் கரையில்தான் கூடுவார்களாம். அவர்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்கிறார்கள். அவர்களைப் படித்து மாறிய வாசகியாக அதில் நான் வரவேண்டும்.

புதுக்கோட்டையில் ஆறேகால் பஸ். அறந்தாங்கி வரை இருபது மைல். அங்கே மாறினால் இன்னும் பதினெட்டு. டிக்கெட் இரண்டும் சேர்ந்து ஒன்றரை ரூபாய்க்குள். "வலது பக்கமா உக்காருங்கம்மா, இடது பக்கம் வெயில் மூஞ்சியில அடிக்கும்" என்றார் கண்டக்டர். நல்ல யோசனை.

கரையில் படகுகள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. காமிரா முன்னால் நிறுத்தினார்கள்.

"எதையாவது பேசுங்க மேடம். இதுல சத்தம் விழாது. வாய் அசைஞ்சாப் போதும்" என்றார் டைரக்டர்.

அறந்தாங்கி பஸ் நேரங்களைச் சொன்னேன். மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பஸ் டயத்தைப் படம் புடிக்கவா மெட்ராசுலேருந்து ஆளு வந்திருக்கு?"

என் முகத்தின்மேல் பிற்பாடு ஓடப்போகும் ஆண்குரலை டைரக்டர் வாசித்துக் காட்டினார்: 'ஒரு கதையைப் படித்துவிட்டு, நிச்சயித்த கல்யாணத்தை உதறியவர் இவர்.' அவருக்கு அப்படி எழுதியது நான்தான். பல வருஷமாக எல்லோரிடமும் சொல்வதும் அதுதான்.

கூடைக்காரம்மா விடவில்லை. "கதை புடிச்சுச்சா, மாப்பிள்ளை புடிக்கலையாக்கா?"

டைரக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கதை வந்த மாதமும் கல்யாணம் நின்ற மாதமும் ஒன்றே. எது முந்தி? நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்ன அன்றே எனக்குள் எல்லாம் முடிந்துவிட்டதோ? அப்படியானால் அந்த நாலு பேருக்கு நான் ஏன் இத்தனை காலம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆனாலும், அந்தக் கதை இல்லாமல் 'மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேனா? திரும்பி அறந்தாங்கி வருகிறவரை புரியவில்லை. இப்போதும் புரியவில்லை.

போகிறவர்கள் குடை எடுத்துப் போங்கள், கரையில் நிழல் கிடையாது. மத்தியான பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான்.

அடுத்த மாதம் மெட்ராசில் குரல் பதிவு. என்னை யாரும் கூப்பிடவில்லை. போகப்போகிறேன். 'எனக்குத் தெரியவில்லை' என்பதை என் குரலிலேயே சொல்வேன். கூடாதென்றால் படத்திலிருந்து என் முகத்தை வெட்டிவிடச் சொல்வேன். டைரக்டருக்கு இன்னும் எழுதவில்லை. வீட்டில் அக்காவிடமும் சொல்லவில்லை.