மடியில் நிற்காத பிஸ்டல்

துப்பாக்கிக் கடைக்கு வருகிற யாரும் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்றுதான் வருவார்கள். புடவைக் கடையிலும் இதைத்தான் சொல்வார்கள் என்று கேள்வி. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போன சக பாவிகளே, உங்களுக்காவது புரியும் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போனவன். மறுபடி எழுதமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் மோல்டர், இரும்பு வார்க்க மணலில் அச்சுப் பிடிக்கிறவர். என்னோடு வா என்றார். ஒருநாள் போனேன். உருக்கின இரும்பை ஊற்றும்போது பொறி தெறித்து ஒரு பக்கத்துப் புருவம் கருகிவிட்டது. மிச்சமிருந்த புருவத்தையாவது காப்பாற்றலாம் என்றுதான் துப்பாக்கிக் கடையில் சேர்ந்தேன்.

பெரிய கடையென்று நினைத்துவிடாதீர்கள். எஸ்டேட் ரோட்டில் சைக்கிள் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவில் ஒரு அறை. ஃபேக்டரி வாட்ச்மேன்களின் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு ரிப்பேர் பார்ப்பதுதான் முக்கால்வாசி வியாபாரம். முதலாளி டேவிட், பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்துவிட்டு ஆவடியில் வீடு கட்டிக்கொண்டவர். பாதி நாள் லைசென்ஸ் ஆபீஸ்களில்தான் இருப்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு குட்டிப் பிஸ்டல் இருந்தது. பெல்ஜியத்தில் செய்தது, உள்ளங்கை அளவு, அதற்கென்றே தைத்த தோல் உறை. ஊருக்குக் கப்பலேறிய தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. வெளிநாட்டிலிருந்து புதுச் சரக்கு வருவது நின்றுபோன காலத்தில்கூட இது மட்டும் விலைபோகவில்லை. பொங்கலுக்குள் இதை விற்றால் கடையில் இரு, இல்லாவிட்டால் உங்கப்பாவோடு பவுண்டரிக்குப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் சிரித்தேன். எங்கே வேண்டுமானாலும் ஒளித்துவைக்கக்கூடிய ஒன்றை விற்பது ஒரு வேலையா?

வேட்டிக்கு ஜேபி கிடையாது

முதலில் வந்தவர் பூந்தமல்லிப் பக்கத்து ரைஸ்மில்காரர். லைசென்ஸ் கையிலேயே இருந்தது. நெல் கொள்முதலுக்குப் போகும்போது மடியில் ஏதாவது இருந்தால் தைரியமாக இருக்கும் என்றார். மடி என்று அவர் சொன்னது வேட்டியின் இடுப்புச் சுருட்டல். நான் பேன்ட் போடுகிறவன். வேட்டி கட்டினால் எனக்கு வாசற்படி தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். இருந்தாலும் பரம்பரையாக வேட்டியிலேயே பிஸ்டல் செருகிப் பழகினவன் மாதிரி, இப்படி வைத்து இரண்டு சுற்றுச் சுற்றுங்கள் என்று காலிப் பிஸ்டலை எடுத்துக் கொடுத்தேன்.

நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பாருங்கள் என்று சொன்னது என் தப்பு. உட்கார்ந்தார். பிஸ்டல் மெதுவாக உள்பக்கமாக இறங்கி, தொடையைத் தாண்டி, முழங்காலைச் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய கட்டைவிரலில் விழுந்தது. சின்னதாக இருந்தாலும் இரும்பு இரும்புதானே. அவர் ஒற்றைக்காலில் நின்றபடி ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே குனிந்து பிஸ்டலை எடுப்பதா, அவரைப் பிடிப்பதா என்று புரியாமல் இரண்டையும் விட்டுவிட்டேன். வலி அடங்கினதும் அவர் சொன்னது: "வேட்டி அவுந்தா மானம்தான் தம்பி போவும். இத்த வெச்சிகினா காலும் கூடவே போவும்."

பெல்பாட்டம் விஞ்ஞானம்

வேட்டிதான் தகராறு, பேன்ட்டில் தகராறு வராது என்று முடிவு செய்தேன். அப்போது நான் புதிதாக ஒரு பெல்பாட்டம் தைத்திருந்தேன். முட்டிக்குக் கீழே ஒரு குடும்பமே குடியிருக்கலாம், அவ்வளவு இடம். பிஸ்டலைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டால் எவனுக்குத் தெரியப்போகிறது? பக்கத்துச் சைக்கிள் கடை மணியிடம் பழைய டியூப்பில் ஒரு துண்டு அறுத்து வாங்கி, காலிப் பிஸ்டலைக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கடைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். பிரமாதம். அடுத்து வருகிற ஆளுக்கு இதைச் செய்து காட்டி அசத்திவிடலாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆள் வருவதற்கு ரொம்ப நேரமாயிற்று. வந்தவர் ஆவடிக் கான்ட்ராக்டர். என்னிடம் பிஸ்டல் எங்கே இருக்கிறது சொல்லுங்கள் சார் என்று எழுந்து கம்பீரமாக ஒரு எட்டு வைத்தேன். கால் என்னுடையதாகவே இல்லை. டியூப் ரப்பர் ரத்தத்தை நிறுத்திவிட்டது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டே சரிந்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தேன். கான்ட்ராக்டர் எனக்குக் காக்காய் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டு, சோடா வாங்கி வருகிறேன் என்று போனவர் போனவர்தான். மணி வந்து டியூப்பை அறுத்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், திருடன் வந்தான்னா மொதல்ல உன்னியத் தூக்கி உக்கார வெப்பான், அப்பால தான் திருடுவான்."

டாக்டரம்மாவின் கைப்பை

வானகரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். பிரசவம் பார்க்க அகாலத்தில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர். அவர் புருஷன்தான் பிடிவாதமாக லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். வேட்டியும் இல்லை, கெண்டைக்காலும் இல்லை, அருமையான கைப்பை இருக்கிறது. பைக்குள் போட்டுக்கொண்டு, நான்தான் திருடன் என்று வைத்துக்கொண்டு சட்டென்று எடுங்கள் மேடம் என்றேன்.

அவர் கையை உள்ளே விட்டார். முதலில் ஸ்டெதாஸ்கோப் வந்தது. பிறகு ஒரு சீப்பு, ஜெபமாலை, யாரோ குழந்தைக்கு வாங்கின கிலுகிலுப்பை, ஆரஞ்சுப் பழம். திருடன் என்கிற முறையில் நான் கையை ஓங்கிக்கொண்டே நின்றேன். கை வலித்தது, இறக்கிவிட்டேன். கடைசியில் பையைக் கவுண்டரில் கவிழ்த்துத்தான் பிஸ்டலைக் கண்டுபிடித்தோம். அவர் ஆரஞ்சை எனக்குக் கொடுத்துவிட்டுப் பையை மூடினார். "இதத் தேடி எடுக்கிற நேரத்துல அவனுக்கு ஊசி போட்டுத் தூங்கவே வெச்சுடலாம்ப்பா."

சுபேதாரின் இரண்டாவது துப்பாக்கி

ஆவடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த சுபேதார் ஒருவர் மனைவியோடு வந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு ரிவால்வர் உண்டு. ஆபத்து நேரத்தில் அது மக்கர் பண்ணினால் கைவசம் இன்னொன்று இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. விவரம் தெரிந்த ஆள், இவரிடம் விற்றுவிடலாம் என்று நானும் நிமிர்ந்து நின்றேன். ஆனால் அவர் கை இருக்கிறதே, அது முறம். பிஸ்டலை வாங்கி விரல்களை மடக்கினார், பிஸ்டலைக் காணோம். ஆள்காட்டி விரல் விசை வளையத்துக்குள் நுழையவே இல்லை. சுண்டுவிரலால் சுடலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். பட்டாளத்தில் யாரும் அவரிடம் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

அதற்குக் குண்டு தாராளமாகக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது, இருப்பது ஒரு சின்ன டப்பாதான், குறி பார்த்துப் பழகினால் தீர்ந்துவிடும், பழகாமல் வைத்திருந்தால் மிச்சமாகும் என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் எஸ்.எஸ்.எல்.சி. பாஸென்றே வீட்டில் சொல்லியிருப்பேனே. அவர் தயங்குவதைப் பார்த்து அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எழுந்தார். "மொதத் துப்பாக்கிய பீரோல வெச்சுப் பூட்டி சாவியத் தொலைச்சீங்க. இதுக்கு இன்னொரு பீரோ வாங்கணுமா?"

யாருக்கும் தெரியக்கூடாது

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே அடிக்கடி ஒருவர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பிஸ்டலைப் பார்த்துவிட்டுப் போவார். பெயரை மாற்றிச் சம்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டேட்டில் ஒரு போல்ட் நட்டு ஃபேக்டரியில் கணக்கர், வீடு காட்டுப்பாக்கம். ஆட்களின் சம்பளத்தைப் பேங்கிலிருந்து சைக்கிள் ரிக்ஷாவில் எடுத்துவருவது அவர் பொறுப்பு. ஒருதடவை வழியில் எவனோ பையை இழுத்து, விடாமல் பிடித்த கையைப் பிளேடால் கிழித்துவிட்டான். அதிலிருந்து சம்பள நாள் வந்தாலே சோறு இறங்காது என்றார். உண்மையாகவே பயந்துபோய், அதை வாய்விட்டுச் சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். மனுப் போட்டிருக்கிறேன், லைசென்ஸ் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் என்னிடம் இருப்பது ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது தம்பி என்பார்.

லைசென்ஸ் என்றால் போலீஸ் விசாரணை உண்டு என்பது அவருக்குத் தெரியும். எப்படி விசாரிப்பார்கள் என்பது தெரியாது. ஒரு கான்ஸ்டபிள் காட்டுப்பாக்கத்துக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்து, இந்தாளுக்குத் துப்பாக்கி குடுத்தா யாரையாச்சும் சுட்டுருவாரா என்று வந்தவன் போனவனையெல்லாம் கேட்டிருக்கிறார். பால்காரம்மாவைக் கேட்டிருக்கிறார். முடிவெட்டுகிறவரைக் கேட்டிருக்கிறார், அதற்குமேல் வேறு யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், வெகுநாளாக இவர் வாசலில் விட்டுக்கொண்டிருந்த சாக்கடையைத் தானாகவே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ரிக்ஷாக்காரன் கூலி பேரம் பேசுவதை விட்டுவிட்டான். இதையெல்லாம் கடைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார். "லைசென்ஸே இன்னும் வரலை தம்பி. அதுக்குள்ள நான் திருவள்ளூர்ல ஒருத்தனைச் சுட்டுட்டதா எங்க தெருவுல பேசிக்கிறாங்க."

உறை

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் லைசென்ஸோடு வந்தார். முதலாளி உள்ளே ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். பவுண்டரிக்குப் போகத் தேவையில்லை என்று புருவமெல்லாம் எனக்குக் குளிர்ந்தது.

சம்பந்தம் பிஸ்டலைக் கையில் எடுத்தார். இத்தனை நாள் கண்ணாடி வழியாகப் பார்த்த பொருள். பிளேடு கிழித்த அந்தக் கைதான். கை நடுங்க ஆரம்பித்தது. பிஸ்டல் கவுண்டர் கண்ணாடியில் டக்டக்கென்று தட்டியது. இன்னொரு கையால் பிடித்தார். அதுவும் சேர்ந்து நடுங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்து, நீயா இருந்தா வாங்குவியா, உண்மையைச் சொல்லு என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. உள்ளே எண்ணெய் போடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பிளேடுக்காரன் மறுபடி வந்து பையை இழுக்கிறான், இவர் நடுங்குகிற கையோடு சட்டையைத் தூக்கி இதைத் துழாவுகிறார், அவன் கையிலே பிளேடு என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. வாங்காதீங்க சார், நீங்க எடுத்தா அவன் பிடுங்கிக்குவான், அப்புறம் பிளேடுக்குப் பதிலா அவன்கிட்ட பிஸ்டல் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் பவுண்டரி உலை கண்முன்னால் வந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. பரீட்சை ரத்தானால் நமக்கெல்லாம் ஒரு முகம் வருமே, அந்த முகம் வந்தது. பிஸ்டலை மெதுவாகக் கீழே வைத்தார். காலி உறையை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதற்குள் விட்டார். அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. பெல்ட்டில் கோத்துச் சட்டையை மேலே இறக்கினார். இடுப்பில் ஒரு மேடு. நான் இத்தனை நாளாக ஒவ்வொருவருக்கும் எந்த மேட்டை மறைக்கப் பாடுபட்டேனோ அதே மேடு. அவர் கண்ணாடிப் பெட்டியில் தெரிந்த தன் உருவத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தெரிகிற மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கை நடுங்கவில்லை. "இடுப்புல பிஸ்டல் இருக்குனு அம்பத்தூர்லேர்ந்து காட்டுப்பாக்கம் வரைக்கும் தெரியும். இல்லைன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், நீ வாயை மூடிக்கினு இருந்தாப் போதும்."

நான் உறைக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன். அவர் போனதும் முதலாளி எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். மொட்டையாகக் கிடந்த பிஸ்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருந்த ஒரே நல்ல உறையையும் வித்துட்டே. துணி இல்லாத கொழந்த மாரி கீது, இத்த இனிமே எவன்டா வாங்குவான்? போ நைனா, உங்கப்பன் உனுக்காவக் காத்துக்கினு கீறாரு."

இப்போது பவுண்டரியில் மணல் மிதிக்கிறேன்; இன்னொரு புருவமும் போயாகிவிட்டது. சம்பந்தம் போன மாதம் மகன் வேலை பார்க்கும் ஊருக்கே குடும்பத்தோடு போய்விட்டதால்தான் வாயைத் திறந்தேன்: அவர் காட்டுப்பாக்கத்தில் இருந்தவரை சம்பளப் பையை எவனும் தொடவில்லை என்பதால், குறி தவறாத ஆயுதம் ஒன்றை நானும் விற்றிருக்கிறேன், என்ன, உறையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டால் பேப்பர் படிக்கலாம்.