கேமராவின் மேல் ஒரு துண்டு

நர்ஸிங் படிக்கப் போகிறவன் அதற்கு முன்னால் ஒரு நோயாளியைத் தொட்டாவது பார்த்திருக்க வேண்டும் என்கிற எண்ணம் எனக்குக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில்தான் வந்தது. மலையாளப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சீட் விசாரித்துவிட்டு, அடுத்த வருஷம் வா என்ற பதிலோடு அம்பாசமுத்திரத்துக்குத் திரும்ப நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் மயங்கிச் சரிந்தார். பயாலஜியில் நல்ல மார்க் வாங்கிய எனக்கு அவரை எந்த இடத்தில் பிடிப்பதென்று தெரியவில்லை. யார் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். என் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. அந்த வாரமே அங்கேயே வீடுகளுக்கு ஹோம் நர்ஸ் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் சேர்ந்தேன். நர்ஸ் என்பது பேருக்குத்தான். துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கழுவிவிடுவது.

இப்போது ஆரியசாலையில், மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேல்மாடியில், அந்தக் கடையின் முதலாளி தாணு அண்ணாச்சியைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு விழவில்லை. காலையில் அறைக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்துக் கையசைப்பது என் வேலைகளில் ஒன்று. அங்கே கேமரா இருக்கிறது. அபுதாபியிலிருந்து மகன் பாலு அண்ணன் பார்ப்பார். எனக்கு முன்பிருந்த ஆள் டீ குடிக்கக் கீழே போன நேரத்தில் அண்ணாச்சி எழப்பார்த்து விழுந்து, நெற்றி பிளந்துவிட்டது. அதன் பிறகு வைத்த கேமரா.

முதல் நாள் உடம்பு துடைக்க வேட்டியை அவிழ்த்தபோது அண்ணாச்சி வலக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எடா, அந்தக் கண்ணு தொறந்துதானே இருக்கு?”

“உங்க மகன்தான அண்ணாச்சி பாக்காரு?”

“அவனுக்க பக்கத்துல பொண்டாட்டி இருப்பா அல்லே? மருமவ பாக்கணுமா என் குண்டிய?” என்றவர் சிரித்தார். “கடையில எடை போடுறவன் தலைக்கு மேல கேமரா வச்சவன் நான். இப்ப எனக்கே வச்சாச்சு.”

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் லாரி டிரைவர் ஒருவர் இடுப்பொடிந்து கிடந்தார். நாள் முழுக்க வாசலில் கூட்டம். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் அவரைத் துடைக்கிற நேரத்தில் இரண்டு பேர் ஒரு வேட்டியை ஆளுக்கொரு முனை பிடித்து மறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். இங்கே எட்டிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. வேட்டி பிடிக்கவும் ஆளில்லை. நான் கேமராமேல் துண்டைப் போட்டேன்.

அன்றிலிருந்து துடைக்கும்போதெல்லாம் துண்டு. நேற்று பாலு அண்ணன் அதைக் கண்டுபிடித்து, போனில் கூப்பிட்டார்.

“துண்ட எடு.”

“தொடைச்சு முடிச்சதும் எடுத்திருதேன் அண்ணே. ஒரு பிரைவசிக்கு…”

“அப்பாக்கும் மகனுக்கும் நடுவுல என்ன பிரைவசி? முன்ன நின்ன ஆளும் இப்படித்தான் ஒவ்வொரு சாக்கா பறஞ்சான். நான் இங்க இருந்து வேற என்ன செய்ய முடியும், நீயே சொல்லு.”

வேட்டியை இழுத்து மூடிவிட்டுத் துண்டை எடுத்தேன். சாயங்காலம் ஏஜென்சி மேடம் கூப்பிட்டார்: இனி ஒருதடவை கேமரா மூடினால் ஆள் மாற்றப்படும். போன் ஸ்பீக்கரில் இருந்தது; அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை வேட்டியைத் தொடவே விடவில்லை. “நெஞ்சும் முதுகும் போதும்டா. என்னால உனக்க வேலை போகண்டாம்.” அவருடைய தொடையிடுக்கு ஏற்கெனவே சிவந்து கிடக்கிறது. கழுவாமல் விட்டால் புண்ணாகும்.

மத்தியானம் அம்மா வீடியோவில் வந்தாள். “வேல பாக்க எடத்தக் காட்டேம்ல.” ஆஸ்பத்திரி டிரெயினிங் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். வழக்கம்போல மொட்டைமாடிக்கு ஓடி, தென்னையும் ஓட்டுக்கூரையும் காட்டினேன். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலு அண்ணனும் இப்படித்தான் துண்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரோ?

நாளைக் காலை துண்டைப் போடத்தான் போகிறேன். அதற்கு முன் பாலு அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு, போனை அண்ணாச்சியின் வலக்கையில் கொடுத்துவிடுவேன். மகனுக்கு அப்பாவின் முகம் தெரியட்டும். நான் துணி பிழியும் சத்தம் கேட்கட்டும். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

“கை வலிக்குமா அண்ணாச்சி?”

“தராசு பிடிச்ச கையாக்கும் இது. நீ வேகம் முடிச்சுரு, கேட்டியா? நீட்டிப் பேச எனக்கும் அவனுக்கும் விஷயம் கெடையாது.”

பாலு அண்ணன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மத்தியானத்துக்குள் வேறு ஆள் வந்து நிற்கலாம். அதற்குள் அம்மாவையும் கூப்பிட்டு, நான் வேலை பார்க்கிற இடத்தைக் காட்ட வேண்டும். வாளி, பெட்பேன், பிழிந்த துணி எல்லாம் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வைக்க அலமாரியில் இடம் பார்த்துவிட்டேன். கேமராவுக்கு நேர் கீழே இருக்கிறது அந்த இடம்.