அம்மாவின் முதுகு

நான் வேலை செய்யும், நோர்வேயின் பெர்கன் நகரத்து முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு அறைக் கதவிலும் அந்த அறைக்காரரின் முகப்படம் பெரிதாகத் தொங்கும். அறையை மறந்தவர்கள் தம் முகத்தைக் கண்டு உள்ளே போகட்டும் என்ற ஏற்பாடு. வந்த புதிதில் எனக்கு இது பெரிய புதினமாய், விசித்திரமாய் இருந்தது. எங்கள் ஊரில் ஆள் செத்த பிறகுதானே படம் சுவருக்கு ஏறும்? இப்போது அந்தக் கதவுகளைத் தலை குனிந்தபடி கடக்கிறேன். மாலையில் நான் புகைப்படக் கலைஞர், கண்காட்சி வைப்பவள். என்னிடம் அம்மாவின் முகம் ஒரு படத்திலும் இல்லை.

எங்கள் தீவூரான இறுப்பிட்டியில் தங்கையின் கல்யாணத்துக்கு நான்தான் கமராக்காரி. குடும்பப் படத்துக்கு எல்லாரையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அம்மா நல்ல காரியங்களில் முன்னுக்கு வருவதில்லை. தாலி கட்டும்போதும் குசினிக்குள் அடுப்படியில்தான் நின்றார். பெற்றவளுக்கு இல்லாத இடம் வேறு யாருக்கு? அந்தக் கோபம்தான் என் தொழிலானது. சரவணை, நெடுந்தீவு என்று தீவுப்பகுதி ஊர்களெல்லாம் அலைந்து, கணவரை இழந்த பெண்களை அவர்களுக்குப் பிடித்த நிறச் சேலையில், கல்யாணக் கதிரையில் தனியே இருத்திப் படம் எடுத்தேன். ஒருத்தி எழும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்துச் சிரித்தாள்.

கடைசியில் அம்மாவைக் கேட்டேன். மஞ்சள் சேலையோடு வந்து கதிரையில் இருந்தார். பிறகு மெல்ல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதுகை எடு பிள்ளை."

"இதென்ன விளையாட்டம்மா?"

"தங்கச்சிக்கு வயித்தில ஒண்டும் தங்குதில்லையெல்லே. தாய் இந்தக் கோலத்தில இருந்ததாலதான் எண்டு சனம் அவளைத்தான் கதைக்கும். அவளுக்கொரு பிள்ளை கிடைக்கட்டும், முகத்தைக் காட்டுறன்."

முதுகை எடுத்தேன். அந்தப் படம்தான் இங்கே எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. கண்காட்சியில் ஒரு நோர்வேப் பெண்மணி அதன் முன் கண்கலங்கி நின்றார். "ஆண்களின் உலகத்துக்கே முதுகைக் காட்டிவிட்டார். என்ன துணிச்சல்!" என்றார். "துணிச்சல் இல்லை, பயம். மகளை ஊர் பழிக்கும் என்ற பயம்" என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன். "ஆம், ஆம், துணிச்சல்" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

போன மாரிகாலத்தில் தங்கை தொலைபேசியில் அழுதாள்.

"அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா அக்கா. மரண அறிவித்தலுக்குப் படம் வேணும். தீவில உள்ள பொம்பிளையள் எல்லாரையும் எடுத்தனீங்கள், அம்மான்ர நல்ல முகமொண்டு கெதியா அனுப்புங்கோ."

"என்னட்டை இல்லையடி."

"விளையாடாதேங்கோ அக்கா!"

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் என்னால் போய்ச்சேர முடிந்தது. சுவரில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டிருந்தார்கள். யாரோ அதட்டி நிமிர்த்தியதுபோல் விறைத்த முகம். அது என் அம்மா இல்லை. நான் கொண்டுபோன மஞ்சள் சேலைப் படத்தைத் தங்கை நெடுநேரம் தடவிப் பார்த்தாள். "இதைக் கொழுவ ஏலாது அக்கா. முதுகுக்கு மாலை போடுறதே?" என்றாள். அவள் சொன்னதிலும் பிழை இல்லை. படத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்படியாக அம்மாவின் முகம் இறுப்பிட்டியிலும் முதுகு பெர்கனிலும் இருக்கின்றன. இன்று தங்கை மறுபடி தொலைபேசி எடுத்தாள். செய்தியைக் கேட்டு, நனைந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, தங்கச்சிக்குப் பிள்ளை தங்கியிட்டுது. இனித் திரும்புங்கோ."