கால் போனாலும் பிள்ளையைத் தாரும் என்று கேட்டேன்

எங்கள் பிள்ளை பிறந்தபோது அவள் அழுததைவிட, அவளுடைய காலைப் பார்த்து நாங்கள் அழுததுதான் அதிகம்.

அது போன வருடத்துக்கு முந்திய வருடம், மார்கழி மழைக்குள். வாவி நிரம்பி எங்கள் வாசல் படலை வரைக்கும் தண்ணீர் வந்து நின்ற நாட்கள். பெண்பிள்ளை. நல்ல நிறை. குரலும் நல்ல பலம். ஆனால் வலது கெண்டைக்காலில், தோலுக்குள் ஒரு நாவற்பழத்தை வைத்துத் தைத்ததுபோல நீலமாக ஒரு வீக்கம் இருந்தது.

நான் சபையில் எழும்பிப் பேசத் தெரியாதவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சாட்சி சொல்லும் நேரம் வந்தால் கடைசி வரிசை வாங்கிலில் தலையைக் குனிந்துகொள்வேன். வாயால் சொல்ல ஏலாவிட்டால் எழுதியாவது தாருங்கள் என்று பாஸ்டர் ஐயா பலமுறை கேட்டார். ஆண்டவர் செய்ததை மறைத்து வைப்பதும் நன்றிகெட்ட வேலை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் தாய் நிரோஷி. என் தங்கச்சியின் மகள். தங்கச்சியைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து நிரோஷியை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கலியாணம் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. அவளுடைய புருஷன் தேவா வாவியில் வலை போடுகிறவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு பெண் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைக்கு ஜெருஷா என்று பெயர் வைத்தோம்.

முதலில் பார்த்த டொக்டர், "இது ரத்த நாளங்கள் கூடின மச்சம் மாதிரித் தெரியுது. அநேகமா தானா வாடிப் போயிரும். ஆனா பெருத்தா உடன கொண்டு வாங்க" என்று சொன்னார். நாங்கள் அந்தப் பேச்சின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். தானாக வாடும் என்ற சொல் எங்களுக்கு அவ்வளவு இனித்தது.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தபோது அயலவர்கள் வந்தார்கள். பிள்ளையைத் தூக்கியவர்களின் கண் காலில்தான் போய் நின்றது. வீக்கம் அப்போது இரண்டு மடங்காகியிருந்தது. பளபளவென்று, மேலே நரம்பு ஓடி. ஒரு கிழவி நிரோஷியைப் பார்த்து, "வயித்தில இருக்கக்குள்ள கிரகணத்தில வெளிய போனியா கா?" என்று கேட்டாள். நிரோஷி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அவள் பிள்ளையின் காலுக்கு மேலே எப்போதும் ஒரு துணியைப் போட்டே வைத்தாள்.

எங்கள் ஜெபக் குழுவை நடத்துகிறவர் மணி அக்கா. பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. அவ ஜெபித்த எண்ணெயோடு வந்தா. பின்னேரங்களில் சகோதரிகள் கூடி, பாட்டுப் பாடி, அந்த எண்ணெயைக் கட்டியின் மேல் பூசி நன்றாக உருவிவிட்டார்கள். பிறந்த பிள்ளையை எண்ணெய் தேய்த்து உருவிக் குளிப்பாட்டுகிற கைகள்தானே எங்களுடையவை. உருவினால் எதுவும் கரையும் என்பது எங்களுக்குப் பழகிப்போன எண்ணம். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் கட்டி கரையவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் என்ற ஒன்றே தெரியாமல் போனது. ஒரு நாள் மத்தியானம், பாட்டு முடியும் முன்பே, தோல் வெடித்து ரத்தம் வந்தது.

அந்த ரத்தத்தைப் பார்த்தபோது என் நெஞ்சுக்குள் எதுவோ அறுந்தது. ஆண்டவரே, எங்களைக் கைவிட்டீரோ என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைகளுக்கு ஒப்பரேஷன் செய்கிற டொக்டர் வந்தா. இளம் பெண். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, "என்ன பூசினீங்க?" என்று கேட்டா. நிரோஷி அழுதாள். நான் சுவரைப் பார்த்தேன். மணி அக்காதான் முன்னுக்கு வந்தா.

"ஜெபம் பண்ணின எண்ணெய், டொக்டர். நான்தான் உருவினன். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க."

டொக்டர் ஏசவில்லை. "ஜெபத்த விடாதீங்க அம்மா. எண்ணெய நெத்தியில வையுங்க. இந்தக் கட்டியில மட்டும் ஒருத்தரும் கைவைக்கப்படாது, ஒத்தடமும் குடுக்கப்படாது. இது ரத்த மச்சம் இல்ல எண்டு நினைக்கிறன். ஸ்கேன் எடுத்து, ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பார்த்தாத்தான் என்ன சாதி எண்டு தெரியும்" என்றா.

வெட்டி என்ற சொல்லோடு தேவாவின் முகம் மாறிவிட்டது. "கத்தி வைக்க விடமாட்டன். எங்கட பெரியப்பாக்கும் இப்பிடித்தான் வெட்டிப் பார்த்தாங்க. அதுக்கு மறுகா அவர் கனநாள் உயிரோட இருக்கல்ல. கத்தி பட்டா பரவும்." புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். யோசித்துவிட்டுச் சீக்கிரம் வாருங்கள், இது காத்திருக்காது என்று டொக்டர் வாசல் வரைக்கும் வந்து சொன்னா.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வீட்டில் ஜெபம். தேவா உள்ளே வரவில்லை. வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டு இருந்தார். உள்ளே சகோதரிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி.

"விசுவாசம் இருந்தா என்னத்துக்கு வெட்டுறது?" என்றாள் கமலா.

மணி அக்கா அவள் பக்கம் கிறுகிப் பார்த்தா. "உனக்குப் பல்லு நொந்தப்போ விசுவாசத்தோட வீட்டில கிடந்தியா கா? முதல் பஸ்ஸில ஓடினாய்தானே? கன்னம் பலாப்பழம் மாதிரி வீங்கி, என்ர தோள்லதானே சாஞ்சு கொண்டு போனாய்?"

அழுதுகொண்டிருந்த நிரோஷிகூடச் சிரித்துவிட்டாள். பிறகு மணி அக்கா என் பக்கம் பார்த்தா. "நேசம் அக்கா, இண்டைக்கு நீங்க ஒள்ளுப்பம், ரெண்டு சொல்லெண்டாலும், ஜெபம் பண்ணுங்க."

அந்தக் குழுவில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் மடியில் பிள்ளை இருந்தாள். அவளுடைய சூடு என் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்தக் கட்டிட பேர் எங்களுக்குத் தெரியா. உமக்குத் தெரியும். அதைப் பார்க்கத் தெரிஞ்ச கண்ண அந்த டொக்டர்மாருக்குக் குடும். கால் போனாலும் பிள்ளையத் தாரும்."

அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன். காலையும் தாரும் என்று கேட்க என் நெஞ்சுக்குள் வந்தது. ஆனால் வாய் வரவில்லை. இரண்டையும் கேட்பது பேராசை மாதிரி இருந்தது. கூச்சம். மனிதரிடம் மட்டுமல்ல, அவரிடமும் எனக்கு அந்தக் கூச்சம் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது தேவா கதவடியில் நின்றார். "மாமி, கால் போகும் எண்டு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல மருமகன். எனக்குப் பயம்."

அவர் நின்ற இடத்திலேயே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "நீங்களே வாய் திறந்து கேட்டுட்டீங்க. நான் மட்டும் என்னத்துக்குப் பயந்து கிடக்கிற? வெளிக்கிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். என் ஜெபத்துக்கு வந்த முதல் பதில் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துப் பெரிய குழாய் போன்ற இயந்திரத்துக்குள் வைத்துப் படம் எடுத்தார்கள். கட்டியில் சின்னத் துண்டு வெட்டினார்கள். அதில் ஒரு பகுதி மேலும் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனது.

முடிவு வந்தபோது டொக்டர் எங்களை இருத்திச் சொன்னா. "இது புற்றுநோய்தான்." நிரோஷி என் தோளில் சாய்ந்தாள். டொக்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பேசினா. "கேளுங்க. இது பெரியாக்களுக்கு வாற சாதி இல்ல. கைக்குழந்தைகளுக்கு, அதுவும் மிக அரிதா, தசை நாருக்குள்ள வாறது. பார்க்கத்தான் மூர்க்கம். அநேகமா மருந்துக்குப் பணியும். பணியாட்டி காலை எடுக்க வேண்டி வரலாம். அதையும் ஒளிக்காமச் சொல்லணும்."

அந்தத் துண்டைப் பெருப்பித்து எடுத்த படத்தைக் கம்பியூட்டரில் காட்டினா. ஊதா நிறத்தில், சின்னச் சின்னக் கோடுகள். ஒரு வரிசை இந்தப் பக்கம் சாய்ந்து, அடுத்த வரிசை மற்றப் பக்கம் சாய்ந்து. தேவா எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது மீன் முள்ளுத்தானே?"

டொக்டர் திகைத்துப்போனா. "நாங்களும் அப்பிடித்தான் சொல்றது. மீன்முள்ளு மாதிரி அடுக்கி இருக்கு எண்டுதான் எங்கட புத்தகத்திலயும் எழுதி இருக்கு."

நிரோஷி அப்போதுதான் வாய் திறந்தாள். "நான் கிரகணத்தில வெளிய போனதாலயா டொக்டர்?"

"இல்ல மகள். கலத்துக்குள்ள இரண்டு இழை அறுந்து, இடம் மாறி ஒட்டியிருக்கு. கொழும்பில அதைத்தான் கண்டுபிடிச்ச. நீங்க செஞ்சதால வந்ததும் இல்ல, செய்யாததால வந்ததும் இல்ல."

நிரோஷி குலுங்கிக் குலுங்கி அழுதாள். எத்தனை மாதச் சுமை அது! நானோ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுச் சதைக்குள் இத்தனை அடுக்கா? அதற்குள்ளும் இழையா? அந்த இழை அறுந்ததையும் பார்க்க ஒரு கண்ணா? பார்க்கத் தெரிந்த கண்ணைக் குடும் என்று, படிக்காத நான் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அப்படி ஒரு கண் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவர் முன்னால் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி ஓர் உணர்வு.

பிறகு கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அந்த மாதங்கள் லேசானவை அல்ல. பிள்ளை வாந்தி எடுத்தாள். பிறந்த முடி எல்லாம் தலையணையில் கிடந்தது. காய்ச்சல் வந்தபோது டொக்டர்மார் முகம் இறுகிப்போனது. பக்கத்துக் கட்டிலில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தாய் மகனோடு இருந்தா. "நீங்களும் கேளுங்க மாமி, நானும் கேக்கிறன். ஆருட சத்தம் முந்திப் போய்ச் சேருதெண்டு பார்ப்பம்" என்று என்னைச் சிரிக்க வைப்பா. அவவின் மகன் வீடு திரும்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. என்னைவிட நன்றாகத்தான் அவ கேட்டா. அதை விட்டுவிட்டு என் சாட்சியை மட்டும் எழுத மனம் வரவில்லை. அவருடைய வழிகள் எனக்கு விளங்காது. விளங்காத இடத்தில் தலை வணங்குகிறேன்.

இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பிறகு ஒரு காலை, துணி மாற்றும்போது நிரோஷி, "பெரியம்மா!" என்று கத்தினாள். ஓடிப் பார்த்தேன். பளபளத்துக் கிடந்த தோல் சுருங்கி, மடிப்பு விழுந்திருந்தது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. அந்த எலும்பை நாங்கள் அதுவரை கண்டதே இல்லை. நான் அதைத் தொடவில்லை. தொடக் கூசியது. பார்த்துக்கொண்டே நின்றேன். நிரோஷி படம் பிடித்துத் தேவாவுக்கு அனுப்பினாள். தோணியில் இருந்தபடியே அவர் போன் எடுத்தார். அவர் அழுவதும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் கேட்டது.

கட்டி வரவரச் சிறுத்தது. கடைசியில் மிச்சமாக இருந்ததை ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நான் திரும்பவும் அதே ஜெபத்தைத்தான் சொன்னேன், கால் போனாலும் பிள்ளையைத் தாரும் என்று. ஒப்பரேஷன் செய்த அங்கத்தை டொக்டர் வெளியே வந்து, "காலும் இருக்கு அம்மா" என்றார். எடுத்த துண்டைப் பரிசோதித்தபோது உயிருள்ள கட்டி ஒன்றும் அதில் காணவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நான் கேட்டது பாதி. தந்தது முழுசு.

இப்போதும் கிளினிக்குக்குப் போகிறோம், படம் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கெண்டைக்கால் மற்றதைவிட மெலிந்துதான் இருக்கிறது, நீளமான தழும்பும் உண்டு. நிரோஷி இப்போது துணி போட்டு மறைப்பதில்லை. கிளினிக் நாளில் நான் புதிதாக வந்த தாய்மாருக்குப் பக்கத்தில் போய் இருக்கிறேன். யார் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொள்கிறேன், அவர்கள் விரும்பினால் ஜெபிக்கிறேன். முன்பு என்றால் நினைத்தும் பார்க்க மாட்டேன்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளையின் உடம்பில் இனந்தெரியாத கட்டி கண்டால் ஒளிக்காதீர்கள், உருவாதீர்கள், தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். டொக்டரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. அந்தக் கைகளுக்குள்ளும் அவர்தான் இருக்கிறார். உங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கூசாமல் அவரிடம் கேளுங்கள். அவர் எதைத் தருவார் என்று சொல்ல நான் யார்? ஆனால் கேட்கிறவர்களின் பக்கத்தில் அவர் வந்து நிற்கிறார். அதை நான் கண்டேன்.

போன ஞாயிறு ஆராதனை நேரம் ஜெருஷா என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, நடுவழியால் பாஸ்டர் ஐயாவை நோக்கி ஓடினாள். எழும்பிப் பிடித்திருக்க வேண்டும். எல்லாரும் கண்ணை மூடி இருந்தார்கள். நான் மட்டும் எழும்பாமல், சீமெந்துத் தரையில் அந்த இரண்டு பாதங்களும் மாறி மாறித் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.