என் பேர்ல கேஸ் இல்லீங்க

துப்பாக்கி செய்கிற மத்திய அரசுத் தொழிற்சாலையில் ரிட்டயராகும் வரை வேலை பார்த்தேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை, கேண்டீனில் சாம்பார் வைத்தேன். அதற்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தால்தான் கேட் பாஸ்.

சமையல் டெஸ்டன்றுதான் முதன்முதலில் கேஸ் அடுப்பைப் பார்த்தேன். தீ சின்னதாக எரிந்தது. ஊதிப் பெரிதாக்கப் பார்த்தேன், அணைந்துவிட்டது. எப்படியோ பாஸாக்கினார்கள்.

அடுத்து செக்யூரிட்டி ஆபீஸர் கூப்பிட்டார். படிப்பு என்னிடம் இரண்டாம் வகுப்பிலேயே கோபித்துக்கொண்டு போய்விட்டதால், ஃபாரத்தை அவரே கேட்டு எழுதிக்கொண்டார்.

"உன் பேர்ல கேஸ் ஏதாவது இருக்காப்பா?"

எனக்கு அந்த அடுப்பு நினைப்பு. "என் பேர்ல மட்டுமில்லீங்க, எங்க தெருவுல யாரு பேர்லயுமே கெடையாது."

"நல்ல தெருவா இருக்கே."

"அவ்வளவு வசதி ஏதுங்க ஐயா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'இல்லை' என்று எழுதினார்.

நீடாமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து போலீஸ் ரிப்போர்ட் வந்தது. எங்கள் தெருவில் கேஸ் இல்லாத ஆம்பளையே கிடையாது. கழக ஆட்சி வந்தும் அறுவடைக் கூலி ஏறவில்லை என்று நாங்கள் களத்தில் உட்கார, மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்க, போலீஸ்காரர்கள் தெருவோடு அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு கோர்ட்டில் எல்லோருக்கும் விடுதலை.

ஆபீஸர் திரும்பக் கூப்பிட்டார். "பொய் சொன்னவனுக்கு இங்க பாஸ் கெடையாது."

போராட்டத்துக்குப் பிறகு ஊரில் யாரும் என்னை வயலில் இறக்குவதில்லை. இதுவும் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சியில்லை.

"ஐயா, நீங்க அடுப்பு கேஸக் கேக்குறீங்கன்னு நெனச்சுட்டேன்."

ஆபீஸர் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். பிறகு, "அந்த கலாட்டாவுல நீ என்னய்யா பண்ணே?" என்றார்.

"கஞ்சி காச்சுனேங்க. போலீஸ்காரங்களும் வாங்கிக் குடிச்சாங்க. குடிச்சு முடிச்சுட்டுத்தான் என்னைய வேன்ல ஏத்துனாங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "கேஸ் இருந்ததுக்காக உன்ன அனுப்பமாட்டோம்யா. என்ன கேஸு, எப்படி முடிஞ்சுதுன்னு பாப்போம். மறைச்சாத்தான் தொலைஞ்ச. தீர்ப்பு நகல் வாங்கிட்டு வா. நடந்தத சொல்லு, நானே எழுதிக்கிறேன். முடிவு மேலதான்."

கோர்ட்டுக்கு அலைந்து நகல் வாங்கிக் கொடுத்தேன். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்த நாட்களில் பெண்டாட்டி என்னோடு பேசவில்லை. அந்த நிம்மதி ஒன்றுதான் மிச்சம். கடைசியில் பாஸ் வந்தது.

விடுதலையானால் கேஸே இல்லாத மாதிரி என்று நினைக்காதீர்கள், தம்பிகளா. கோர்ட் விட்டுவிட்டது வேறு, கேஸே நடக்கவில்லை என்பது வேறு. கேட்டால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் சொல்லத்தான் செய்தேன். முதல் நாள் கேட்டில் காவலர், "பேரு என்ன?" என்றார்.

"என் பேர்ல ஒரு கேஸ் இருந்துச்சுங்க, விடுதலையாயிட்டேன்."

"யோவ், பேரத்தான்யா கேட்டேன்."