செங்கல் இடுக்கில் ஒரு கார்டு

போன வாரம் பகானில் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். சைக்கிள் நல்ல சைக்கிள்தான். நான்தான் சரியில்லை.

என் சந்தேக புத்தி உங்களுக்குத் தெரியாததா? எங்கள் யாங்கூன் லத்தா மார்க்கெட்டில் மாம்பழம் வாங்கினால்கூட, கடைக்காரர் கை போகும் இடமெல்லாம் என் கண்ணும் போகும். சொந்த ஊரிலேயே இப்படி என்றால், முன்னே பின்னே தெரியாத பொட்டல் காட்டில் கேட்கவா வேண்டும்!

பகான், பர்மாவின் நடுவே மணலும் முள்ளுமாகக் காய்ந்து கிடக்கும் பூமி. அதில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழங்காலத்துச் செங்கல் கோயில்கள் — பாதி இடிந்தவை, முழுக்க இடிந்தவை. சைக்கிள் இருந்தால் ஒரு நாளில் ஓரளவு சுற்றிவிடலாம்.

சைக்கிள் கடைக்கார அம்மா டோ கின் கறாராகச் சொன்னார்: "கார்டை வச்சுட்டு சைக்கிளை எடுத்துக்கங்க, ஊலே."

ஊலே என்றால் பர்மிய மொழியில் சித்தப்பா மாதிரி. சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே அடையாள அட்டையைக் கேட்கிறார்! என்னைப் போன்ற பர்மாத் தமிழனுக்கு அது வெறும் அட்டையா? இங்கேயே பிறந்து வளர்ந்தும், அதை வாங்க என் அப்பா எத்தனை ஆபீஸ் படி ஏறினார்... அது இல்லாமல் சாயங்காலம் யாங்கூன் பஸ்ஸில் ஏறக்கூட முடியாது.

"என் சம்சாரம் இங்கதான் உக்காந்திருக்கப் போறா. அவளை நம்பித் தரக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தேன். மூட்டுவலிக்காரி. அவள் ஏற்கெனவே வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாகிவிட்டது.

டோ கின் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் கார்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "உங்களுது என்கிட்ட. என்னுது உங்ககிட்ட. இப்பச் சரியா?"

வேறு யாராக இருந்தாலும் நெகிழ்ந்திருப்பார்கள். எனக்கோ புதுச் சந்தேகம். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாரே... ஏன்?

"சாமியே வந்து வரம் குடுத்தாலும், எதுக்குன்னு கேப்பீங்க நீங்க," என்றாள் என் மனைவி தமிழில்.

கார்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது கோயிலில்தான் ஓர் ஆளைக் கவனித்தேன். பச்சைக் கைலி, பழைய சைக்கிள். நான் நின்றால் நின்றார். மிதித்தால் மிதித்தார். மணலில் டயர் புதைந்து நான் இறங்கித் தள்ளினேன் — அவரும் இறங்கித் தள்ளினார்! புரிந்துவிட்டது. தன் கார்டை என்னிடமிருந்து பறிக்க அந்த அம்மா அனுப்பிய ஆள். அதைப் பறிகொடுத்துவிட்டுப் போய் நின்றால், என் கார்டு எனக்குத் திரும்புமா?

விடுவேனா? ஒரு சின்னக் கோயிலுக்குள் நுழைந்தேன். சுவரில் செங்கல் பெயர்ந்த இடுக்கில் டோ கின்னின் கார்டைச் செருகினேன். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். என்ன மூளை!

ஆனால் பகானில் சின்னக் கோயில் ஒன்றா இரண்டா? திரும்பி வந்தபோது எல்லாமே அதே சிவப்பு, அதே இடிசல், அதே முள் புதர். ஒன்றில் நுழைந்து சுவரைத் தடவினேன். பல்லி. இன்னொன்றில் வெறும் மண். மணி நாலு. ஆறு மணிக்குப் பஸ். என் கார்டு கிடக்கட்டும்... என்னை நம்பித் தந்தவரின் கார்டைத் தொலைத்துவிட்டேனே! வெட்கத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தூரத்தில் பச்சைக் கைலிக்காரர் மட்டும் நின்றிருந்தார். வேறு வழி? மானத்தை விட்டு அவரிடமே போனேன்.

"அண்ணே, நான் எந்தக் கோயில் சுவத்துல கையை விட்டேன்னு பாத்தீங்களா?"

"பாக்காம? அதுக்குத்தானே இவ்வளவு நேரமா உங்க பின்னாடியே வர்றேன்!" என்றார். "நான் இங்க வாட்ச்மேன். வர்றவங்க சுவத்துச் சிற்பத்தைப் பேத்துட்டுப் போயிடறாங்க. நீங்க வேற நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பாத்தீங்க... திருட்டு முழி."

திருட்டு முழியா? எனக்கா?

நேராக ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார். இடுக்கில் விரலை விட்டார். கார்டு வந்தது. தூசியை ஊதிப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டோ கின் கார்டாச்சே இது?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நான் கையை நீட்டினேன். அவர் கார்டைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார்.

"அவங்க கையிலயே குடுத்துடறேன்."

கடை வரைக்கும் அவர் முன்னே, நான் பின்னே. டோ கின் தன் கார்டை வாங்கிக்கொண்டு, என்னுடையதை எடுத்துக் கொடுத்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்று குத்தியது.

எப்படியோ பஸ்ஸைப் பிடித்தோம்.

"அந்தாளு உங்க கையில குடுக்கலையே, கோவம் வரலியா?" என்றாள் மனைவி.

எப்படி வரும்? நானாக இருந்தாலும் என்னிடம் கொடுத்திருக்க மாட்டேன்.